பாப்பா, உன் வீட்டில் என்ன பாட்டு ஓடுகிறது?

உத்தமபாளையம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு சமாளிக்கிறாள். தம்பி மகள் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. அத்தை முறைக்கு நீ இல்லையே என்று நாலு பேர் கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லையாம் என்று சொல்லி வைத்தேன். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேதியைத் தள்ளி வைத்திருப்போம். சரி, அது போகட்டும்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தபாலில் போடுகிறேன். டொராண்டோ வந்து சேர நாளாகும் என்று தெரியும். வாட்ஸ்அப் என்றால் தம்பிதான் அனுப்பித் தர வேண்டும், அவன் படிப்பான், அப்புறம் அவன் பெண்டாட்டி படிப்பாள். ரகசியம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் உனக்கு மட்டும் எழுத வேண்டும் போல இருந்தது.

உன் ஆபீஸில் சினிமா பின்னணி இசையில் எது சிறந்தது என்று பேசிக்கொண்டார்கள், நீங்க சொல்லுங்கப்பா என்று ஐப்பசியில் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. நான் யோசித்துக்கொண்டேதான் இருந்தேன்.

முன்பெல்லாம் நீ கூப்பிட்டால் உன் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். நீ அடுப்படியில் நிற்பாய், மாப்பிள்ளை ஹாலில் எதையாவது போட்டிருப்பார். பேச்சை நிறுத்திவிட்டு, “இது ஜானிதானே?” என்று கேட்பேன். “எத்தனாவது ரீல், சொல்லுங்க மாமா” என்று அவர் அங்கிருந்து சத்தம் கொடுப்பார். நானும் சொல்லுவேன். தீபாவளிக்கு அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம் நீ பேசும்போது குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஸ்பீக்கர் கெட்டுப்போய்விட்டதா? அப்படியென்றால் புதிதாக வாங்கிக்கொள், பணம் நான் அனுப்புகிறேன். நீ எனக்கு வாங்கித் தந்த ஸ்பீக்கர் நன்றாக வேலை செய்கிறது. டொராண்டோவிலிருந்து பாப்பா வாங்கித் தந்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன்.

ராத்திரி நடக்கப் போகும்போது மட்டும் காதில் ஹெட்செட் மாட்டாதே. பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தியேட்டர் ஆபரேட்டர் ரூமில் இருந்தவனுக்குப் படம் பார்க்க நேரம் ஏது? புரொஜெக்டர் விளக்கில் கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய நெருக்கி வைக்க வேண்டும், ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்ற வேண்டும், அடுத்ததை எடுத்துக் கையருகே வைக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கரில் காதால்தான் நான் படம் பார்த்தேன். வேலை இல்லாத நேரத்தில் கண்ணாடி ஓட்டை வழியாக ஜனங்களைப் பார்ப்பேன். எந்த இடத்தில் இருமல் நிற்கிறது, எந்த இடத்தில் முறுக்குப் பொட்டலம் பிரிக்கிற சத்தம் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அநேகமாக அது வசனம் இல்லாத இடமாக இருக்கும்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது துண்டு ஃபிலிமை வெயிலில் பிடித்துக் காட்டியிருக்கிறேன். படத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நெளிநெளியாக ஒரு கோடு ஓடுமே, அதுதான் ஒலி. ஒரு படத்துக்கான ஒலி அந்தப் படத்துக்கு நேர் பக்கத்தில் இருக்காது. சுமார் 20 ஃப்ரேம் முன்னால் இருக்கும். படத்தைத் திரைக்கு அனுப்புகிற கேட் மேலே, ஒலியைப் படிக்கிற விளக்கு கீழே, அதனால் அப்படி. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. ஃபிலிம் அறுந்து, கெட்ட இடத்தை வெட்டி ஒட்டினால் முதலில் திரையில் படம் தாவும், ஒரு நொடி முடிவதற்குள் சத்தமும் தாவும். படம் தாவினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். இசை தாவினால் தரை டிக்கெட்டிலிருந்து எல்லாத் தலையும் என் ஓட்டையைப் பார்த்துத் திரும்பும், அப்புறம் வசவுதான். அதனால் இசை போகிற இடத்தில் அறுந்தால், பிளேடால் சுரண்டி ஃபிலிம் ஒட்டுகிற சிமெண்ட் தடவும்போது ஒரு ஃப்ரேம்கூட அதிகமாகப் போய்விடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவேன்.

என் பட்டியலில் முதலில் ஷோலே. 1975இல் வந்த இந்திப் படம், நம்ம ஊருக்கு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் பெட்டி வந்தது. ஆர்.டி.பர்மன் இசை. பாஷை தெரியாத ஜனம், வில்லன் கப்பர் சிங்குக்குத்தான் கைதட்டும் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் அமிதாப் வாசலில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பார். மாடியில் அந்த விதவைப் பெண், ஜெயா பாதுரி, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவாள். ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்கு அவன் மேல் இருப்பதையும் அவனுக்கு அவள் மேல் இருப்பதையும் அந்த மவுத் ஆர்கன்தான் சொல்லும். கப்பர் சிங்குக்குக் கைதட்டின அதே கூட்டம் அந்த இடத்தில் கல்லாகிவிடும். அந்த மெட்டு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வித்தை இல்லாததால்தான் படம் விட்டுப் போகிற மாட்டுவண்டிக்காரன் அதைச் சீட்டியடித்துக்கொண்டே போனான்.

ஒரு இசை மனசில் தங்க வேண்டுமென்றால், காட்சியில் இருக்கிறவர்கள் சொல்ல முடியாமல் விழுங்குவதை அது எடுத்துச் சொல்ல வேண்டும். பார்க்கிறவனுக்கே தெரிந்ததை மறுபடி சொன்னால் அது நிற்காது. சண்டை வந்தால் டமார், அழுகை வந்தால் வயலின் என்று போடுகிற படங்களை எத்தனையோ ஓட்டியிருக்கிறேன், அவற்றில் ஒன்றின் இசைகூட இப்போது ஞாபகம் இல்லை.

இதில் நம்ம தாலுகாக்காரர் இளையராஜாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் ஊர் பண்ணைப்புரம் பக்கத்தில் இருக்கிறது என்பதால் சொல்லவில்லை. 1976இல் அன்னக்கிளி வந்தபோது பாட்டுக்காகத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். ரீரெக்கார்டிங்கில், அதாவது படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கிற வேலையில், அவர் செய்ததை என் மாதிரி ஒரே படத்தைத் தினம் திரும்பத் திரும்பக் கேட்டவனால்தான் சொல்ல முடியும். ரீலை ஓட்டிப் பார்ப்பார், உட்கார்ந்து நோட்ஸ் எழுதுவார், வாத்தியக்காரர்கள் அதைப் பார்த்து வாசிப்பார்கள். எந்த இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்பதில்தான் அவர் ராஜா. அழுகை வருவதற்கு முன்பே தொடங்கிவிடுவார், அல்லது அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகு தொடங்குவார். பழசிராஜாவுக்குப் பின்னணி இசைக்கென்றே தேசிய விருது கொடுத்தார்களே, 2009 படம், அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது உனக்குத் தெரியும். நீதானே போனில் சொன்னாய்.

மௌன ராகம் எடுத்துக்கொள். 1986. டெல்லியில் ஒரு வீடு, ஒரே கூரைக்குள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், பேச்சு இல்லை. உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று அவர் கேட்கிறார், விவாகரத்து வேண்டும் என்கிறாள். இரண்டு பேரும் நல்லவர்கள்தான், ஒருவர் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டுக்குள் ராஜாவின் இசை வந்து போகிற விதத்தைக் கவனி. யார் பக்கமும் சாயாது. அவளுக்கும் பரிந்து பேசும், அவருக்கும் பரிந்து பேசும். கதைக்காக இந்தப் படத்தைச் சொல்லவில்லை, இசைக்காகத்தான் சொல்கிறேன்.

நாயகன் அடுத்த வருஷம், 1987. தென்பாண்டிச் சீமையிலே என்று ஒரே மெட்டு, வேலு நாயக்கரோடு கூடவே வளர்ந்து, அவரோடு கூடவே வயசாகிறது. யாரிடமோ அடி வாங்கி வந்த பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற பாட்டு அது. பாட்டாகக் கேட்டதைவிட, சொல் இல்லாமல் மெட்டு மட்டும் வருகிற இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கும், ஏனென்றால் அதற்குள் சொல் நமக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். மெட்டு திரும்பி வர வேண்டும், பாப்பா. ஒரு தரம் வந்து போகிற மெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் தங்காது. திரும்பி வரும்போது பழைய ஆளாகவும் இருக்கக் கூடாது. அந்த மெட்டைக் கேட்டால் எனக்கு உன் ஞாபகம் வருகிறது. உன்னை அங்கே யாராவது ஒரு சொல் சொன்னால் நீ திருப்பிச் சொல்ல மாட்டாய், வாங்கிக்கொண்டு வந்துவிடுவாய். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி நடக்கும்போது ஹெட்செட் வேண்டாம்.

வெள்ளைக்காரப் படங்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்ததுதான். சைக்கோவில் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார், பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்தி வாத்தியங்களை வைத்து எழுதிக்கொண்டு வந்ததைக் கேட்ட பிறகுதான் மனசை மாற்றிக்கொண்டார் என்று அவர்தான் சொன்னார். ஜாஸ் படத்துச் சுறாவுக்கு ஜான் வில்லியம்ஸ் இரண்டே ஸ்வரத்தில் தொடங்கினதையும் மேஜையில் தட்டிக் காட்டினார். கல்யாணமான முதல் தீபாவளி, முன் அறையில், அத்தை வீட்டு விஷயத்தில் எல்லோரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தோமே, அன்றைக்கு. ரொம்ப நேரம் பேசினோம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். பம்பாய் படத்துப் புல்லாங்குழலைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம். ஊரே பற்றி எரிகிற கதைக்கு அவ்வளவு அமைதியான ஒரு மெட்டைப் போட ரகுமானுக்குத் தைரியம் வேண்டும்.

கடைசியாக ஒன்று. பதேர் பாஞ்சாலி. 1955இல் சத்யஜித் ரே எடுத்தது, ரவிசங்கர் இசை. நம்ம தியேட்டருக்கு அதெல்லாம் வராது, தூர்தர்ஷனில்தான் பார்த்தேன். பிழைக்க வெளியூர் போன அப்பன் வெகு காலம் கழித்து வீட்டுக்கு வருகிறான். அவன் இல்லாத நாளில் மகள் காய்ச்சலில் செத்துப்போய்விட்டாள். அது அவனுக்குத் தெரியாது. வாங்கி வந்த சாமான்களைச் சந்தோஷமாக ஒவ்வொன்றாக எடுத்துப் பெண்டாட்டியிடம் காட்டுகிறான். மகளுக்கென்று வாங்கின புடவையை நீட்டுகிறான். அவள் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு உடைகிறாள். வாய் திறந்து அழுகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்கிற வில் போட்டு வாசிக்கிற வாத்தியம் உச்ச ஸ்தாயியில் கிளம்பும். அவள் குரலையே வைத்திருந்தால் ஒரு பொம்பளை அழுகிறாள் என்று பார்த்துவிட்டுப் போயிருப்போம். நான் கேட்டதிலேயே பெரிய இசை அதுதான். உன் ஆபீஸ்காரர்களிடம் இதை எழுதிக் கொடு.

அந்த அப்பனை நினைத்து எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வீட்டில் நடப்பதை அப்பனிடம் சொல்லிவிட வேண்டும், பாப்பா. நல்லதானாலும் சரி, மற்றதானாலும் சரி. நான் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன், யார் மேல் தப்பு என்றும் கேட்க மாட்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டேன்.

என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாயிற்று. தம்பி மதுரைக்குக் கூட்டிப் போனான். எதற்கு இப்போது என்று கேட்டான், இருக்கட்டும் என்றேன். விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் எழுது. அம்மாவால் அவ்வளவு நேரம் உட்கார்ந்து வர முடியாது, நான் தனியாக வருவேன். குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. நீ இங்கே வருவதானால் அதுவும் சரிதான், மாடி ரூமுக்கு வெள்ளையடித்து ஃபேன் மாற்றியாகிவிட்டது. எத்தனை நாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு. பேசுகிற மாதிரி இருந்தால்.

அன்புடன்
அப்பா

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை இங்கே விடிகிற நேரத்துக்குக் கூப்பிடு, அம்மா கோவிலுக்குப் போயிருப்பாள். நடந்துகொண்டே பேசாதே, வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுப் பேசு.