பின்வளவுப் பள்ளம்

ஏஜாக்ஸ், கனடா
கார்த்திகை 20

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பியின் கடிதம் வந்து மூன்று கிழமை. ஆவணிக்குப் பிறகு நான் எழுதவில்லை என்று குத்திக் காட்டியிருக்கிறான். சரிதான்.

நான் நலம். வேலை இப்போது கிழமையில் மூன்று நாள்தான், ஓய்வு தாராளம். பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லதாம். நீங்கள் இடித்து அனுப்பிய மிளகாய்த்தூள் அரைப் போத்தல் மிச்சம். கரண்டி நுனியால்தான் தொடுகிறேன்.

போகும் வழியில் ஒரு குளம் இருக்கிறது. குளக்கட்டும் சம்புப் புல்லும் வாத்துகளுமாக, முதலில் கண்டபோது கால் நின்றுவிட்டது. தண்ணீர் திறந்துவிடும் துருசைத் தேடினேன், வயலைத் தேடினேன். சுற்றிவர வீடுகள்தான். ஒருநாள் பழஞ்சோற்றை வாத்துகளுக்கு வீசினேன். பக்கத்து வீட்டுக் கிழவர் அந்தக் குளிரில் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். வடிகால் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்; காலையில் வாத்துகளை எண்ணிக் கொப்பியில் எழுதுகிறவர். சோறு போட்டால் வாத்து கூடும், எச்சம் கூடும், அதிலுள்ள பொஸ்பரசு பாசியை வளர்க்கும் என்று அரை மணி நேரம் பேசினார். என்னோடு ஒருவர் அவ்வளவு நேரம் பேசியது அந்த மாதத்தில் அன்றுதான்.

இது மழைத்தண்ணீரை மறிக்க வெட்டிய குளம். கூரையிலும் தார் வீதியிலும் விழுவது நிலத்தில் சுவறாமல் குழாய்வழி இங்கே வருகிறது. வாயிலில் ஒரு சின்னக் குழி, மணல் அதில் தங்கும். பெரிய குளத்தில் வண்டல் மெல்ல அடியில் படியும். அதில் ஒட்டிய எண்ணெயும் ஈயமும் கூடவே இறங்கும். வெளிவாய் சிறியது. ஒன்றிரண்டு நாள் எடுத்துத்தான் ஓடைக்கு விடும், இல்லாவிட்டால் ஓடைக்கரை அரித்துப்போகும். ஓடை சேருவது ஒன்ராறியோ ஏரியில். அது முல்லைத்தீவுக் கடல்போலக் கிடக்கிறது, உப்புத்தான் இல்லை. அதற்கும் வழி செய்கிறார்கள்: பனிக்கு வீதியில் கொட்டும் உப்பு கரைந்துவிடுவதால் குளத்தில் படியாமல் நேரே ஏரிக்குப் போகிறது. தூர்வாரிய வண்டலைச் சோதித்துப் பார்த்துத்தான் எங்கே கொட்டுவதென்று முடிவெடுப்பார்களாம். நம் குளத்து வண்டலை அப்பா வயலுக்கு ஏற்றியதைச் சொன்னேன். கிழவர் நம்பவில்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், தம்பி பின்வளவுப் பள்ளத்தைக் கிறவல் கொட்டி நிரப்பி இரண்டு கடையறை கட்ட ஆறு லட்சம் கேட்டிருக்கிறான். காசுக்காகச் சொல்லவில்லை. வீதி மதகால் வருகிற தண்ணீர் அங்கேதான் நிற்கிறது. சந்தியில் கராஜ் வந்தபிறகு எண்ணெயும் வருகிறது. நிரப்பினால் அது சின்னையாவின் வளவுக்கும் நம் கிணற்றடிக்கும்தான் பாயும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தபோது அடுப்படிக்குள் முழங்கால் அளவு நின்றதை மறந்துவிட்டானா? தொலைபேசியில் சொன்னால் சண்டை வரும். நீங்கள் பதமாகச் சொல்லுங்கள்.

போன ஞாயிறு பேசும்போது உங்கள் பக்கம் தகரத்தில் மழை, பின்னால் தவளைச் சத்தம். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நான் இருப்பது நிலக்கீழ் அறை. மழை பெய்தாலும் கேட்காது. அடுத்தமுறை பேசி முடித்ததும் போனைத் திண்ணையில் அப்படியே வைத்துவிடுங்கள்.

தங்கச்சியின் சாதகம் பொருந்தியதா? மாமி எதுவும் சொல்லவில்லை. சிவப்பி கன்று போட்டால் கடும்புப் பாலைச் சின்னையா வீட்டுக்கும் கொடுங்கள், எல்லை வேலிக் கதை பிறகு பார்க்கலாம். தை பிறந்ததும் ஐம்பதாயிரம் அனுப்புகிறேன். அது அடைவிலிருக்கும் காப்பை மீட்க. கிறவலுக்கு இல்லை என்று தம்பிக்குக் கேட்கும்படி வாசியுங்கள்.

அன்பு மகன்