வேலியை விற்ற கணக்கு

ஓவர்லேண்ட் பார்க், கன்சாஸ்
2025 மார்ச் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "ஊரான் பந்தாட்டக் குழு யாரை வைத்துக்கொண்டால் உனக்கென்ன, யாரை விற்றால் உனக்கென்ன, அதற்கு ஏன் குரலில் இத்தனை சோர்வு?" என்று கேட்டீர்கள். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பேரேடு பார்த்தவருக்கு இதைத் தாளில் எழுதிக் காட்டினால்தான் விளங்கும் என்பதால், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2019 ஆகஸ்டில் நான் இங்கே வந்து இறங்கிய புதிதில், வெள்ளிக்கிழமைகளில் வங்கிக் காசாளர் முதல் பல் மருத்துவர் வரை எல்லோரும் சிவப்புச் சட்டை அணிந்திருப்பதைக் கண்டு ஏதோ கட்சி மாநாடு என்றுதான் நினைத்தேன். அது கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்தாட்ட அணிக்கான சட்டை என்று பிறகு தெரிந்தது. இந்த ஊரின் நடுவே மாநில எல்லை ஒரு சாலையாகவே ஓடுகிறது. நாங்கள் குடியிருப்பது கன்சாஸ் பக்கம், அணியின் ஆரோஹெட் மைதானம் இருப்பது மிசௌரி பக்கம். நான் வந்த முதல் குளிர்காலத்திலேயே, ஐம்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அந்த அணி சூப்பர் பவுல் என்னும் ஆண்டு இறுதிப்போட்டியின் கோப்பையை வென்றது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், அறுபது வயதை நெருங்குகிறவர், மறுநாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதுவரை காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உறவு அந்த ஆட்டத்தின் வழியாக வந்ததுதான்.

ஆட்டத்தைவிட அதன் கணக்குதான் என்னை இழுத்துக்கொண்டது. என்.எஃப்.எல். என்னும் அந்தப் போட்டித் தொடரில் 32 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் 53 ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமாக இவ்வளவுதான் கணக்கில் காட்டலாம் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 1994-இல் அது வந்தபோது அணிக்கு 3.46 கோடி டாலர். இந்த ஆண்டு 27.92 கோடி டாலர். முதலாளி எத்தனை பெரிய செல்வந்தராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. நில உச்சவரம்பு வந்த கதையைத் தாத்தா எத்தனை முறை சொல்லியிருப்பார்! 1961-இல் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று சட்டம் வந்ததையும், 1970-இல் அது 15 ஆகக் குறைந்ததையும், பண்ணையில் மாடு மேய்த்தவர் பேரில்கூட அவருக்கே தெரியாமல் பட்டா ஏறியதையும் அவர் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கும் அதே வேலைதான் நடக்கிறது. ஒரே வேறுபாடு, இங்கே பினாமி ஆட்கள் இல்லை, பினாமி ஆண்டுகள் உண்டு.

அதாவது, ஓர் ஆட்டக்காரருக்குக் கையெழுத்துப் போனஸாக 5 கோடி டாலரை இன்றே கொடுத்துவிடலாம். ஆனால் கணக்கில் அதை ஆண்டுக்கு 1 கோடி வீதம் ஐந்து ஆண்டுகளின் பேரில் எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. பேசி முடித்த சம்பளத்தையே இடையில் போனஸாக மாற்றி, இந்த ஆண்டுச் சுமையைப் பின்வரும் ஆண்டுகளின் தலையில் ஏற்றவும் செய்யலாம். மார்ச் 31 நெருங்கும்போது பழைய பயிர்க்கடனைப் புதுக்கடனாகப் புரட்டி எழுதி, வசூலானதாகக் காட்டும் சங்கங்களைப் பற்றித் தாங்கள் கோபப்படுவீர்களே, ஏறக்குறைய அதே சரிக்கட்டு. இவர்களுடைய கணக்காண்டும் மார்ச் மாதத்தில்தான் தொடங்குகிறது என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அந்த ஆட்டக்காரரை அனுப்பிவிட்டால், எழுதாமல் மிச்சம் நிற்கும் 3 கோடியும் கணக்கில் வந்து விழும். ஆள் இருக்க மாட்டார், அவர் பேரில் தொகை மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். இதைச் 'செத்த பணம்' என்கிறார்கள். நம் சென்னை அணி தோனியைச் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் என்ற வகையில் 4 கோடி ரூபாய்க்கு வைத்துக்கொண்டபோது நீங்கள் ரசித்தீர்கள் அல்லவா? அந்த மூளையை ஆண்டு முழுவதும் செலுத்துவதற்கென்றே இங்கே ஒவ்வோர் அணியிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சீஃப்ஸ் அணியில் அந்தப் பொறுப்பு பொது மேலாளர் பிரெட் வீச்சினுடையது. அவர் முன் உள்ள முதல் கணக்கு பேட்ரிக் மஹோம்ஸ். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இவர்தான்; 2020-இல் பத்து ஆண்டு நீட்டிப்புக்கு 45 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார்கள். உச்சவரம்பில் அத்தனை பெரிய பங்கை ஒருவர் எடுத்துக்கொண்டால், மற்றவர்களில் பாதிப் பேராவது மலிவாக இருந்தாக வேண்டும். மலிவான நல்ல ஆட்டக்காரர் கிடைப்பது பெரும்பாலும் டிராஃப்ட் என்னும் கல்லூரித் தேர்வில்தான். அதிலும் கடைசியில் நின்ற அணிக்கு முதல் தேர்வு, கோப்பை வென்றவருக்குக் கடைசித் தேர்வு என்பது முறை. வென்றுகொண்டே இருப்பவன் பந்தியில் கடைசியாகத்தான் உட்கார வேண்டும்.

இன்றைக்குச் சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 மார்ச் 23 அன்று, மஹோம்ஸ் எறியும் பந்துகளை ஓடிப் பிடிப்பவர்களில் மிக வேகமானவரான டைரீக் ஹில்லை மயாமி அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஐந்து டிராஃப்ட் தேர்வு உரிமைகள் கிடைத்தன. மயாமி அவருக்கு நான்கு ஆண்டுக்கு 12 கோடி டாலர் தந்தது. அன்று அலுவலகமே இழவு வீடு போல இருந்தது. நானும் தவறு என்றுதான் சொன்னேன். பட்டத்துக் குதிரையை யாராவது விற்பார்களா என்று வாதாடினேன். தவறியது நான்தான். வந்த தேர்வுகளில் முதலாவதை வேறு இரண்டு தேர்வுகளோடு சேர்த்துக் கொடுத்து வரிசையில் மேலே ஏறி, 21-ஆவது இடத்தில் டிரென்ட் மக்டஃபி என்னும் தடுப்பாட்டக்காரரை எடுத்தார்கள். நான்கு ஆண்டுக்கு அவர் சம்பளம் மொத்தமாகச் சுமார் 1.4 கோடி டாலர்; ஹில்லின் ஓராண்டுக் கூலியில் பாதிகூட இல்லை. 2023-இல் மக்டஃபி நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் இடம்பெற்றார். ஹில் போன பிறகு வந்த இரண்டு பருவங்களிலும், அதாவது 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும், அணி சூப்பர் பவுல் வென்றது.

ஆனால் எல்லாவற்றையும் பாராட்டிவிட முடியாது. ஹில்லுக்குப் பதிலாக வந்து நிற்பார் என்று நினைத்து எடுத்த ஸ்கை மூர், 2024 பருவம் முழுவதிலும் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. ஹில்லோ பந்தைப் பிடித்து முன்னேறிய தூரமாக மயாமியில் முதல் பருவத்தில் 1,710 கெஜம், அடுத்ததில் 1,799 கெஜம் சேர்த்தார். ஆளுக்கு ஆள் என்று பார்த்தால் மயாமிக்கு லாபம். அணிக்கு அணி என்று பார்த்தால் இவர்களுக்கு லாபம். 2024 ஜனவரியில் ஹில் எதிரணிக்காக ஆரோஹெட் மைதானத்துக்குத் திரும்பி வந்தார். அன்று வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ். அம்மா அனுப்பிய கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தே நான் நடுங்கினேன். மைதானத்தில் இருந்தவர்களில் சிலருக்குப் பனிக்கடியால் விரல்களையே எடுக்க நேர்ந்தது. 26-7 என்று மயாமி தோற்றது. அவர்களுடைய ஒரே டச்டவுனை, அதாவது பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளிகளை, எடுத்தவர் ஹில்தான்.

இனி என் சோர்வுக்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். மஹோம்ஸ் பந்தை எறிவதற்குச் சில நொடிகள் வேண்டும். அந்த நொடிகளைப் பெற்றுத் தர அவர் முன் ஐந்து பேர் வேலிபோல் நிற்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவதில்லை, பெயரும் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த ஐவரில் இடக்கோடியில் நிற்கும் லெஃப்ட் டாக்கிள்தான் முக்கியம். வலக்கைக்காரர் எறியத் திரும்பும்போது இடப்பக்கம் அவருக்கு முதுகுப்புறம் ஆகிவிடும், வருகிறவனை அவர் காண மாட்டார். 2021 பிப்ரவரி சூப்பர் பவுலில், இரு கோடியிலும் நிற்க வேண்டியவர்கள் காயத்தால் வெளியே இருந்ததால், மஹோம்ஸ் ஆட்டம் முழுவதும் உயிருக்கு ஓடினார். 31-9 என்று அணி தோற்றது. தொற்றுநோயால் வருமானம் குறைந்து உச்சவரம்பும் 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கிய நேரம் அது. அந்த இறுக்கத்திலும் வீச் வேலியைப் புதிதாகவே கட்டினார். ஜோ துனியை ஐந்து ஆண்டுக்கு 8 கோடி டாலருக்குக் கொண்டுவந்தார். கிரீட் ஹம்ஃப்ரியை டிராஃப்ட்டின் இரண்டாம் சுற்றில் எடுத்தார். நுரையீரலில் இரத்தம் உறைந்த நோய்வரலாற்றைக் கண்டு மற்ற அணிகள் ஒதுங்கிய டிரே ஸ்மித்தை ஆறாம் சுற்றில் எடுத்தார். இந்த மூவரைப் போல் நடுவில் நிற்பவர்கள் அந்த ஆண்டுகளில் வேறு எந்த அணிக்கும் வாய்க்கவில்லை என்பது என் கருத்து.

இடக்கோடியில்தான் கை நடுங்கியது. 2023-இல் வலக்கோடிக்கு ஜவான் டெய்லரை நான்கு ஆண்டுக்கு 8 கோடி டாலருக்கு எடுத்தார்கள். அவர் ஆடினாலே விதிமீறல் கொடி விழும். இடக்கோடிக்கு மட்டும் மலிவாகப் பார்த்தார்கள். போன பருவத்தில் முதலில் இருபத்தோரு வயதுப் புதியவர் ஒருவர் நின்றார், இரண்டாம் ஆட்டத்திலேயே மாற்றப்பட்டார். அடுத்து வந்தவரும் தாக்குப்பிடிக்கவில்லை. நவம்பரில் அழைத்துவந்தவர் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். கடைசியில், உள்ளே நிற்க வேண்டிய துனியையே இடக்கோடிக்கு நகர்த்தினார்கள். கூரையில் ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு பக்கத்து ஓடு ஒன்றைப் பிடுங்கியது போல. பருவத்தில் 15 வெற்றி, 2 தோல்வி என்று நன்றாகத்தான் போனது. பிறகு பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். தொடர்ந்து மூன்று சூப்பர் பவுல்களை எந்த அணியும் வென்றதில்லை. அந்தப் பெருமைக்காக இவர்கள் இறங்கினார்கள். பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி கூடுதல் ஆள் யாரையும் பாய அனுப்பவே இல்லை. வழக்கமான நான்கு பேரை மட்டுமே வைத்து மஹோம்ஸை ஆறு முறை தரையில் வீழ்த்தியது. இடைவேளையில் 24-0, முடிவில் 40-22.

இதன் பிறகு வேலியைப் பலப்படுத்துவார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? இந்த மாதம் துனியைச் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள், 2026-ஆம் ஆண்டின் ஒரே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு. உச்சவரம்பில் சுமார் 1.6 கோடி டாலர் மிச்சமாம். டிரே ஸ்மித்தைப் போக விடாமல் ஃபிரான்சைஸ் டேக் என்னும் ஓராண்டுக் கட்டுமுறையில் சுமார் 2.34 கோடி டாலருக்கு நிறுத்தியிருக்கிறார்கள். இடக்கோடிக்கு, சான் பிரான்சிஸ்கோவில் பெரும்பாலும் மாற்று ஆளாக இருந்த ஜேலன் மூரை இரண்டு ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு எடுத்தார்கள். இதற்கிடையே மஹோம்ஸ், தடுப்பாட்டக்காரர் கிறிஸ் ஜோன்ஸ் இருவரின் சம்பளத்தையும் போனஸாகப் புரட்டி, பின்வரும் ஆண்டுகளின் பேரில் எழுதியாகிவிட்டது.

ஸ்மித்துக்கு வயது 25, துனிக்கு 32; இளையவனை வைத்துக்கொண்டு மூத்தவனை விற்பது முறைதானே என்று பக்கத்து மேசைக்காரர் சொல்கிறார். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஹில்லை விற்றபோதும் இதே வாதத்தைச் சொல்லி அவர்தான் என்னைத் தோற்கடித்தார் என்பதால், இம்முறை வாய் திறக்கவே கொஞ்சம் பயமாக இருக்கிறது. இருந்தாலும் இரண்டு விற்பனைகளும் ஒன்றல்ல என்றே எண்ணுகிறேன். ஹில்லை விற்று வந்த தேர்வுகள் விதைநெல். அவை முளைத்து, மலிவாக நான்கு ஆண்டு விளைந்தன. துனியை விற்று வந்தது அடுத்த ஆண்டின் நான்காம் சுற்றுத் தேர்வு. அதில் அவருக்கு ஈடான ஒருவர் கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டு பருவங்களாக இடக்கோடியில் சேமித்த பணத்துக்கான வட்டியைத்தான் இப்போது உள்வேலியைப் பெயர்த்துக் கட்டுகிறார்கள். விளைச்சலுக்கு 45 கோடி கொடுத்துவிட்டு, வேலிக்காரனிடம் பேரம் பேசுவது எந்த ஊர் வேளாண்மை? வீச்சைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று சொல்லவில்லை. அவர் மேசையில் இருக்கும் தாள்கள் என் மேசையில் இல்லை. ஆனால் எத்தனையோ கடன் மனுக்களில் கையெழுத்திட்டவரும் மறுத்தவருமான தாங்கள் இந்தப் பேரேட்டைப் பார்த்தால் எந்த வரியில் சிவப்பு மையால் சுழிப்பீர்கள் என்று அறிய விரும்புகிறேன். அடுத்த ஞாயிறு பேசும்போது சொல்லுங்கள்.

ஏப்ரல் 24 அன்று டிராஃப்ட் தொடங்குகிறது. இவர்களுக்கு முதல் சுற்றில் 31-ஆவது தேர்வு. அதில் ஒரு லெஃப்ட் டாக்கிளை எடுத்தாக வேண்டும் என்று நானும், எடுக்க மாட்டார்கள் என்று பக்கத்து மேசைக்காரரும் பந்தயம் கட்டியிருக்கிறோம். நான் வென்றால் அவர் தம் கையால் புகைபோட்டுச் சுட்ட இறைச்சி. தோற்றால், அம்மா பங்குனியில் அனுப்புவதாகச் சொன்ன அதிரசத்தில் பாதி அவருக்குப் போய்விடும். ஆகையால் இந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே சுடச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்