தெருவிளக்குகளை மேல்நோக்கி வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசி மேகத்தின் வண்ணப்படத்தைப் பார்த்தேன். விண்வெளித் தொலைநோக்கி இருந்தால்தான் இப்படி எடுக்க முடியும் என்ற தொனியில் குறிப்பு இருந்தது, அதை ஏற்க முடியவில்லை. அதே நெபுலாவை நான் வீட்டு மொட்டைமாடியிலிருந்து சின்னத் தொலைநோக்கியும் கேமராவும் வைத்து எடுத்துவருகிறேன். 1883இலேயே லண்டன் பக்கம் ஈலிங்கில் ஐன்ஸ்லி காமன் என்ற பொறியாளர், தன் வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்த 36 அங்குலத் தொலைநோக்கியில் இதைப் படம் பிடித்தார். கண்ணுக்குத் தெரியாத விண்மீன்கள்கூட அதில் பதிந்திருந்தன.

நமக்கு ஒரு பெரிய வசதி, தமிழ்நாட்டில் பொங்கல் சமயத்தில் இரவு பத்து மணி வாக்கில் ஓரியன் விண்மீன் கூட்டம் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வந்துவிடும். வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குக் கீழே மங்கலாக ஒரு புகைத்திட்டு தெரியுமே, அதுதான். சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதோடு சேர்ந்து திரும்பும் மோட்டார் தாங்கி வேண்டும், அதைத் துருவ நட்சத்திரத்தை வைத்துச் சரிசெய்ய வேண்டும், நம் ஊர்களில் அதுவோ அடிவானத்திலிருந்து பத்துப் பதின்மூன்று டிகிரி உயரத்தில்தான் இருக்கும், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும்! அப்புறம், அரை நிமிடப் படங்களாக நிறைய எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறைந்து, மங்கலான இழைகள் மேலெழுந்து வரும். நடுப்பகுதி மட்டும் வெளுத்துப்போகும், அதற்குச் சில நொடிப் படங்களைத் தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும். நெபுலாவின் ஹைட்ரஜன் வாயு தரும் சிவப்பு திரையில் தெரியும் அந்த நேரத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

இப்போது இதைக் கெடுப்பது தெருவிளக்குதான். பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியே இருந்தது, ஒரு ஃபில்டரில் பெருமளவு நிறுத்திவிடலாம். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுகிறது, அதையும் எங்கள் தெருவில் சாய்த்து மாட்டியிருப்பதால் பாதி வெளிச்சம் வானத்துக்கும் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் போகிறது. எல்இடி வேண்டாம் என்று சொல்லவில்லை, மின்சாரம் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் ரோட்டுக்கு வாங்கிய வெளிச்சம் ரோட்டில் விழ வேண்டாமா?

லடாக்கின் ஹான்லே பகுதியை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்து, வெளிச்சத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நம்மிடம் ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கிறது, 1988இல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அந்த மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலாவது விளக்கின் முகம் நேர்கீழே இருக்கும்படியும், மேல்பக்கம் மூடியிருக்கும்படியும், வெள்ளைக்குப் பதில் இளமஞ்சள் ஒளியாகவும் மாற்ற உள்ளாட்சி அமைப்புகள் முன்வர வேண்டும். புதிதாக விளக்கு மாட்ட ஏணியில் ஏறும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்