ஆஸ்திரேலியாவின் டார்வினில் இருக்கும் மகளுக்கு

கோவில்பட்டி,
கார்த்திகை 3.

அன்புள்ள மகள் செல்விக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நானும் உன் அம்மாவும் சுகம். கைப்பேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். கைப்பேசியில் "எல்லாரும் நல்லா இருக்கோம்பா" என்று நீ சொன்ன பிறகு எனக்கு அடுத்த வார்த்தை ஓடுவதில்லை. எதிரில் அம்மா வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாளில் என்றால் ஓர் ஒழுங்கில் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் நானே படம் எடுத்து அனுப்புவேன், வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன்.

இங்கே புரட்டாசியில் விதைத்த உளுந்து ஐப்பசி மழையில் நன்றாக எழுந்து நிற்கிறது. செவல்பட்டிக்காரர் விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது. அந்தப் பணம் இனி வராது, அதைப் பற்றி அம்மாவிடம் கேட்காதே. வேறு செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை.

பேரன் கதிர் தண்ணீர் குடிக்கிறானா? உங்கள் ஊரில் ஆண்டிலேயே கடுமையான காலம் இப்போதுதான் என்று அறிகிறேன். அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை தினமும் மேகம் கூடி இடி இடித்தாலும் மழை சரியாகப் பிடிக்காமல், வேர்வை காய வழியின்றி உடம்பு உள்ளேயே வேகுமாம். நம் கரிசலின் சித்திரை வெயில் அப்படிப்பட்டதல்ல. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், ஒரு செம்பு மோர் குடித்தால் எழுந்து நடக்கலாம். கோவில்பட்டியில் வெயில் பார்த்தவர்கள் எந்த வெயிலையும் தாங்குவார்கள் என்று நீ கிளம்பும்போது நான் சொன்னது தவறு. நீங்கள் போய் இறங்கியது ஜூன் மாதம்; அங்கே அதுதான் மழையில்லாத இதமான பருவம், அதனால்தான் முதல் மூன்று மாதம் நீ அனுப்பிய படங்களில் எல்லாம் நீலவானமாக இருந்தது. ஊர் தன் நல்ல முகத்தை முதலில் காட்டிவிட்டது. நாம் 1992-இல் வால்பாறைக்குப் போனது நேர் எதிர். ஆனி மாதத்தில், தென்மேற்குப் பருவமழையின் உச்சத்தில், நாற்பது கொண்டை ஊசி வளைவும் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறிப்போய், துணி காய்வதை நாற்பது நாள் கழித்துத்தான் பார்த்தோம்.

நீ நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். மழை தொடங்கிவிட்டால் மண்ணில் உள்ள ஒரு கிருமி ஈரத்தோடு மேலே வந்து, காலில் சிறு கீறல் இருந்தாலும் அதன் வழியாக உடம்பில் ஏறுமாம்; சர்க்கரை உள்ளவர்களை அது அதிகம் வாட்டும் என்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை. தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்கவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அக்டோபர் முதல் மே வரை கடலில் இறங்கவே வேண்டாம். தூத்துக்குடியில் சொறி என்பார்களே, அந்த ஜெல்லிமீன் இனத்தில் ஒன்று அங்கே உயிரையே வாங்குமாம். பட்டால் உடனே வினிகரை ஊற்றச் சொல்லிக் கடற்கரையிலேயே புட்டி வைத்திருக்கிறார்களாம். ஆற்று ஓரம், ஓடை ஓரம், சதுப்பு ஓரம் எங்கும் பையனை விடாதே. உவர்நீர் முதலையைத் தோலுக்காகச் சுட்டுத் தீர்த்து, ஒரு காலத்தில் சில ஆயிரம்தான் மிஞ்சியிருந்ததாம். 1971-இல் வேட்டையைத் தடுத்த பிறகு இப்போது அந்தப் பிரதேசத்தில் ஒரு லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள். ஒரே இடத்தில் தினமும் தண்ணீர் மொண்டால் அதைக் கவனித்து வைத்திருந்து அங்கேயே வந்து காத்திருக்குமாம். இதையெல்லாம் படித்ததிலிருந்து எனக்கு உறக்கம் குறைந்துவிட்டது. தண்ணீர் ஓரம் விடாதே, ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்க வை.

புயல் ஒன்று பாக்கி. நமக்கு 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனதுபோல, அவர்களுக்கு 1974-இல் கிறிஸ்துமஸ் நாள் விடியுமுன்னே டிரேசி என்ற புயல் அடித்து ஊரில் பெரும்பாலான வீடுகளைத் தரைமட்டமாக்கியிருக்கிறது. வீடுகளை உறுதியாகக் கட்டும் விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. நீங்கள் இருக்கும் வீடு எந்த ஆண்டு கட்டியது என்று கேட்டு வை. பழைய வீட்டிலிருந்து மாறியதையே நீ எங்களிடம் சொல்லவில்லை. படத்தில் ஜன்னல் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தாள். டார்வினுக்குப் போவதையும் டிக்கெட் எடுத்த பிறகுதான் சொன்னாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் குடும்பத்தில் கடல் தாண்டி வேலைக்குப் போன முதல் ஆள் நீ; தபால் ஆபீசுக்குப் போனாலும் பால் பண்ணைக்குப் போனாலும் நாலு பேரிடம் அதைச் சொல்லாமல் நான் வீடு திரும்புவதில்லை. ஆனால் அவர்கள் "ஊர் எப்படி, பேரன் எப்படி இருக்கிறான்" என்று கேட்டால், எனக்கு ஆகஸ்ட் மாதச் செய்திதான் கையில் இருக்கிறது.

ஆகஸ்ட் வரை கதிர் எப்படிப் பேசினான்! நம்மைவிட நான்கு மணி நேரம் முன்னே ஓடும் ஊர் என்பதால், நான் மதியம் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் அவன் பள்ளி விட்டு வந்து கூப்பிடுவான். புல்வெளியில் நின்ற வாலபி என்ற சிறு கங்காருவைக் காட்டினான். இலைகளை இழுத்துத் தைத்துக் கட்டிய ஓர் எறும்புக் கூட்டைக் காட்டி, "தாத்தா, இந்த எறும்பு வயிறு பச்சை" என்றான். தென்காசி மாந்தோப்பில் நம்மைக் கடித்த முசுறும் அதுவும் ஓரினம்தான், அங்கே நிறம் மட்டும் பச்சை என்று நான் சொன்னபோது அவன் குதித்த குதிப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்த ஊர்க் கரையில் புளியமரங்கள் நிற்கின்றன, இந்தோனேசியாவின் சுலவேசியிலிருந்து கடல் அட்டை எடுக்க வந்த படகுக்காரர்கள் கொண்டுவந்த மரங்கள் அவை என்பதையும் அவனுக்காகத்தான் தேடிப் படித்து வைத்தேன். வால்பாறையில் தேயிலைக்கு நிழல் தந்த சில்வர் ஓக்கும், ஃபாக்டரி அடுப்புக்குப் போன தைலமரமும் அவன் போயிருக்கும் நாட்டு மரங்கள்தாம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே மரம் என்று சொல்ல நினைத்திருந்தேன். சொல்ல வாய்க்கவில்லை. தீபாவளிக்கு முன்பே அவன் பேச்சு நின்றுவிட்டது. கேட்டால் தூங்குகிறான் என்கிறாய், குளிக்கிறான் என்கிறாய். போன வாரம் நீ கைப்பேசியைத் திருப்பியபோது ஒரு நொடி பார்த்தேன். பகலில் திரையை மூடிய அறையில், கட்டிலின் மேல் ஷூவோடு கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தான்.

தீபாவளியன்று அம்மா உன்னிடம், பிள்ளை ஏன் முகம் வாடியிருக்கிறான் என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "சாயங்காலம் ஆனா தண்ணியே குடிக்கமாட்டேங்கிறான்மா" என்றாய். அம்மா வெந்நீர், சீரகத் தண்ணீர் என்று ஏதோ சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஆகஸ்ட் மாதம் கதிர் கடைசியாக என்னிடம் சொன்ன செய்தி என்ன தெரியுமா? கழிப்பறைக் கோப்பைக்குள் ஒரு பெரிய பச்சைத் தவளை ஒட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் விட்டும் போகவில்லை என்றான். அந்த ஊர்களில் மரத்தவளை அப்படி வந்து ஒண்டுவது சாதாரணம்தானாம், கடிக்காது, விஷம் கிடையாது. நானும் அன்று சிரித்துவிட்டு, "தவளைக்கா பயம், ஆம்பளப் பிள்ளை" என்றேன். அதுதான் நான் அவனிடம் கடைசியாகச் சொன்னதும்.

செல்வி, வால்பாறையில் நம் நாய் மணி எங்கும் ஓடிப்போகவில்லை. உனக்கு ஏழு வயது அப்போது. மணி எஸ்டேட்டின் கீழ் டிவிஷன் நாய்களோடு போய்விட்டது, திரும்பி வந்துவிடும் என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். அன்று விடியற்காலை வாசல்படியை ஒட்டிய சேற்றில் நான் முதலில் பார்த்தேன். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் சிறிய தடம். நான்கு விரலும் பின்னால் அகன்ற மெத்தையும் அச்சு எடுத்ததுபோல் பதிந்து, தூறல் விழுந்து நடுவில் அப்போதுதான் தண்ணீர் தேங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் மணியின் கழுத்துக் கயிறு, அறுந்த நுனியில் கொஞ்சம் மயிரோடு கிடந்தது. நான் ரப்பர் பூட்ஸால் அந்தத் தடத்தை மிதித்துத் தேய்த்து அழித்தேன். கயிற்றை அடுப்பில் போட்டேன். அம்மா கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "கோவில்பட்டிக்கு இதை எழுதினால் உன் அண்ணன்மார் வந்து உங்களைக் கூட்டிப்போய்விடுவார்கள், என் மானம் போய்விடும்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். அதற்கப்புறம் அவள் தன் வீட்டுக்கு எழுதிய ஒவ்வோர் இன்லேண்டு கடிதத்திலும் எல்லாரும் சௌக்கியம் என்றுதான் இருந்தது; ஒட்டும் முன் வாங்கிப் படித்துவிட்டுத்தான் நான் தபாலில் போட்டேன்.

கழிப்பறை வீட்டிலிருந்து இருபதடி தள்ளி இருந்தது உனக்கு நினைவிருக்கும். அன்று சாயங்காலமே நீ போகமாட்டேன் என்று படியில் நின்று அழுதாய். சிறுத்தை வரும் என்று லைன் வீட்டுப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். சிறுத்தையும் இல்லை ஒன்றும் இல்லை என்று நான் மூன்று கட்டை டார்ச்சை உன் கையில் திணித்து, தனியாகப் போய்வந்தால்தான் கதவைத் திறப்பேன் என்று உள்ளே தாழ் போட்டேன். தடத்தைக் காலையில் என் காலாலேயே அழித்தவன் நான். உள்ளே நின்றுகொண்டு, வெளியே டார்ச் வெளிச்சம் அசையாமல் ஒரே இடத்தில் தரையில் கிடப்பதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். நீ எங்கும் போயிருக்கவில்லை. படியிலேயே நனைந்து நின்றாய். நான் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றேன்.

அதற்குப் பிறகு நீ பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாய். ஆடி மாதம் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்தபோது, கம்பவுண்டரிடம் சூட்டினால் வந்தது என்றேன். அந்த மழையில், அந்தக் குளிரில், சூடு என்றேன். காரணம் எனக்கு அன்றே தெரியும். அன்றிலிருந்து இன்றுவரை நீ எதற்காவது பயப்படுவதாக என்னிடம் சொன்னதே இல்லை. பரீட்சைக்கும் சொல்லவில்லை, பிரசவத்துக்கும் சொல்லவில்லை. தைரியசாலிப் பெண் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது வால்பாறையில் யானை நிற்கும் இடங்களில் சிவப்பு விளக்கு எரிகிறதாம், இருப்பிடத்தைச் சொல்லிக் கைப்பேசிக்குச் செய்தியும் வருகிறதாம். உங்கள் ஊரிலும் முதலை இருக்கும் கரையில் படம் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள் என்று கதிர்தான் எனக்குப் படித்துக் காட்டினான். அவனிடம் தவளை ஒன்றும் செய்யாது என்று சொல்லாதே, அதை நான் ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டேன். நீயோ மாப்பிள்ளையோ அவனோடு உள்ளே போய், விளக்கைப் போட்டு, மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவன் முடித்து வரும்வரை வாசலில் பேசிக்கொண்டே நில்லுங்கள். எத்தனை நாள் ஆனாலும் நில்லுங்கள். டியூட்டி முடிந்து களைத்து வருவாய், தெரியும், இருந்தாலும் நில்.

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். வேறு ஏதோ காரணம் இருந்தால் அதை எழுது. உனக்கே அந்த ஊர் பிடிக்கவில்லை என்றாலும், அங்கே எதற்காவது பயமாக இருக்கிறது என்றாலும் எழுது. திரும்பி வருவது என்றாலும் எனக்கு மானம் ஒன்றும் போகாது; மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அம்மா முற்றத்தில் வத்தல் பிழிந்துகொண்டிருக்கிறாள். இத்தனை பக்கம் என்ன எழுதுகிறேன் என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். அனுப்பும் முன் அவளுக்கும் படித்துக் காட்டத்தான் போகிறேன்; அவளிடமும் நான் இதையெல்லாம் வாய் திறந்து சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடுவேன். கதிர் பேசவில்லை என்றால் வற்புறுத்தாதே, கைப்பேசியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடு. மணியைப் பற்றியும், அந்த ராத்திரி படியில் நின்ற பெண்பிள்ளையைப் பற்றியும், உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நின்றவனைப் பற்றியும் அவனிடம் நடந்தது நடந்தபடி நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா