டாங்கிக்குள் இறங்குமுன் ஆகன் வாயுவைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடப்புத்தகத்தில் ஆகன், பட்டறையில் ஆர்கன். வளியில் ஏறத்தாழ 0.93 சதவீதம் இதுதான். குழல் விளக்குக்குள்ளும் இருக்கிறது. எதனோடும் சேராத விழுமிய வாயு என்பதால் தீங்கில்லாதது என்றே பலரும் நம்புகிறார்கள். மலையகத்தில் சில்வர் டாங்கியும் பால் குழாயும் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் எழுப்பி, ஆகனால் வளியை விலக்கி உலோகத்தை ஒட்டுவது) செய்பவர்களுக்கு அந்த நம்பிக்கை ஆபத்தானது.

ஆகன் வளியைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு பாரம். நிறமில்லை, மணமில்லை. ஆகன் வரும் வெல்டிங் கைப்பிடியான டோர்ச்சை டாங்கிக்குள் வைத்துவிட்டுத் தேநீருக்குப் போன நேரத்தில் வால்வு கசிந்தால், வாயு அடியில் தண்ணீர்போலத் தேங்கும். உள்ளே இறங்குபவருக்கு மூச்சு முட்டாது. உடல் உணர்வது காபனீரொட்சைட்டு கூடுவதைத்தான். ஒட்சிசன் குறைவதை அல்ல. இரண்டு மூன்று மூச்சிலேயே மயங்கி விழலாம். காப்பாற்றக் குதிப்பவரும் அவர் பக்கத்திலேயே விழுவார்.

ஆகவே இடைவேளையில் டோர்ச்சை வெளியே எடுத்து, சிலிண்டரின் தலை வால்வையே மூடுங்கள். புளோவர் குழாயை டாங்கியின் அடிவரை விட்டு வெளிக்காற்றை ஊதுங்கள். காற்றுக்குப் பதிலாக ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்துவிடவே வேண்டாம். ஒரு பொறி பட்டாலும் உடுப்பு பற்றிக்கொள்ளும். பிறகு ஒட்சிசன் மீட்டரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பாருங்கள். நல்ல காற்றில் 20.9 சதவீதம் காட்டும். 19.5க்குக் கீழே என்றால் யாரும் இறங்கக்கூடாது. வேலை முடியும்வரை ஒருவர் வாயிலிலேயே நிற்க வேண்டும்.

வேலைத் தரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நம் மலைக்காற்றுதான். டோர்ச்சில் ஆகன் நிமிடத்துக்கு 8 முதல் 10 லீற்றர் போதும். காற்று கலைக்கிறதென்று 20க்குக் கூட்டினால் வாயு சுழன்று வெளிவளியை உள்ளே இழுத்து, ஒட்டில் துளை விழும். படங்கு கட்டி மறைப்பதுதான் வழி. ஆர்க் அணைந்த பின்னும் சில விநாடிகள் வாயு ஓடட்டும்; முன்கூட்டியே நிறுத்தினால் டங்ஸ்டன் முனை கறுத்துவிடும். மலிவென்று காபனீரொட்சைட்டு மாட்டினால் முனையே எரிந்துபோகும்.

பால் குழாய்க்கு உட்புறமும் ஆகன் விட வேண்டும். விடாவிட்டால் உள் ஒட்டு கருகி, சொரசொரவென்று நிற்கும். அந்த இடுக்கில் பால் தங்கிக் கிருமி வளரும். இரு முனையையும் டேப்பால் மூடி, கீழ்ப்பக்கமாக வாயுவை விட்டு, மறுமுனையின் மேற்பகுதியில் சிறு துளை வையுங்கள். 50 மில்லிமீற்றர் குழாயில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 2 லீற்றர் கொள்ளும். அதைப்போல் ஐந்து மடங்காவது ஓட வேண்டும். நிமிடத்துக்கு 5 லீற்றர் விட்டால் மீற்றருக்கு 2 நிமிடம். துளையை அடைத்துவிடாதீர்கள், உள்ளழுத்தம் ஒட்டின் கடைசிப் புள்ளியை வெளியே ஊதித் தள்ளிவிடும்.

ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கும் தொழிற்சாலைகள் ஒட்சிசன் மீட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்து, அதன் அளவை எழுதிக் கையொப்பமிட்ட பிறகே டாங்கி மூடியைத் திறந்துகொடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

வெல்டிங் தொழிலாளர்கள்,
ஹட்டன்.