கொம்பாஸ் பெட்டிக்குள் ஒரு வங்கி அட்டை: மதுவரி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதுபான அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரிகளுக்கும் எமது பிரதேச நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். தோட்டத்துச் சந்தியில் திறக்கப்பட்ட மதுபானசாலைக்கு எதிராக நாங்கள் கையொப்பமிட்டு அனுப்பிய மனுவும், அதற்கு நீங்கள் அளித்த இரண்டு வரிப் பதிலும் உங்கள் கோப்பிலேயே இருப்பதால், பழைய கதையை மீண்டும் எழுதவில்லை. பாடசாலையிலிருந்து உரிய தூரம் அளக்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அளந்தது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நடக்கும் பாதை அந்தக் கடையின் படிக்கட்டை உரசிக்கொண்டு போவதை உங்கள் அளவு நாடா கவனிக்கவில்லை.

கடந்த மாதம் சம்பள நாளன்று, தரம் 10 மாணவி ஒருத்தி தன் கொம்பாஸ் பெட்டியை என்னிடம் நீட்டி, "இத வச்சிருங்க டீச்சர், அப்பா வந்து கேட்டா இல்லன்னு சொல்லிருங்க" என்றாள். உள்ளே தாயின் வங்கி அட்டை இருந்தது. அட்டையைத் தராத குற்றத்துக்காக அன்றிரவு அந்தத் தாயின் வலது மணிக்கட்டு முறிந்தது. கொழுந்து பறிக்கும் கை அது. கொழுந்தின் கிலோ குறைந்தாலே அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் தோட்டத்தில், மாவுக்கட்டுப் போட்ட கைக்கு எத்தனை பேர் விழும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2024 இல் வர்த்தமானியில் வெளியான அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தில் ஒரு போத்தல் சாராயத்துக்கு இரண்டு நாள் உழைப்பும் போதாது. கை கடித்தால் அதே மனிதர் கசிப்பு எனும் கள்ளச் சாராயத்துக்குப் போகிறார். அதில் மெதனோல் கலந்திருந்தால் பார்வையும் போகும், உயிரும் போகும். கடையை மூடினால் கசிப்புப் பெருகும் என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஐயா, இப்போது எங்களிடம் இரண்டும் இருக்கின்றன.

அந்தத் தகப்பனைக் கொடியவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தைப்பொங்கலுக்கு முன் குடியை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தவர் அவர். மூன்றாம் நாள் உடல் நடுங்கி, சுவரில் பூச்சி ஊர்வதாக அலறியபோது, பேய் பிடித்ததென்று மந்திரித்த கயிறு கட்டினார்கள். நீண்ட காலம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மரணமும்கூட நேரலாம், வைத்தியர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து சொன்னவர் எவருமில்லை. நடுக்கம் தணிய அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து சந்தியில் கிடைத்தது.

2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்தோம். இத்தனைக்குப் பிறகும் எங்கள் லயத்துப் பாதையில் அம்புலன்ஸ் ஏறாது. சந்திக்குச் சாராய லொறி ஒருநாளும் தவறியதில்லை. அரசாங்கம் எங்களைத் தேடி வரும் வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். மன்னிக்கவும், மனு எழுத உட்கார்ந்து வேறெங்கோ போய்விட்டேன்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: டிசெம்பர் 31 உடன் முடியும் அந்த அனுமதிப்பத்திரத்தை வரும் ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டாம். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு மது விற்கக்கூடாதென்று 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் சொல்வதை யார் காக்கிறார்கள் என்றறிய, முடிவெடுக்குமுன் ஒரு சம்பள நாள் மாலையில், முன்னறிவித்தல் இல்லாமல், அந்தச் சந்தியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். அதன் பிறகும் புதுப்பிக்கத்தான் வேண்டுமென்று தோன்றினால், காரணத்தை எங்களுக்கு எழுத்தில் தாருங்கள். புதுப்பிக்க வேண்டாம் என்பதையே மீண்டும் தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

தாயின் விருப்பப்படி அந்த அட்டை இன்னும் என் மேசை லாச்சியில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்