குழந்தையின் பெயர்

இக்லூலிக், நுனாவுட், கனடா

அன்பு மகனுக்கு,

குழந்தையை முதுகில் சுமக்கிற அமௌட்டிக் கோட்டு வந்து சேர்ந்ததா? விமானத்தில் போட்டு ஒன்பது நாளாகிறது. மருமகளுக்குத் தோள் பக்கம் தளர்வாகத்தான் தைத்திருக்கிறேன், குழந்தை முதுகில் உட்கார்ந்தால் சரியாகிவிடும். வாஷிங் மெஷினில் போடாதே. கூட அனுப்பிய மீனை உறைந்தபடியே சீவிச் சாப்பிடுங்கள். போன தடவை மாதிரி வெண்ணெயில் வறுத்துக் கெடுக்காதே.

பிறந்து மூன்று வாரம். எடை சொன்னாய், முடி சொன்னாய், ஆஸ்பத்திரிச் சாப்பாடு வரை சொன்னாய். இங்கே கடையில் பார்ப்பவர்கள் எல்லாம் "வந்துவிட்டாளா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது செத்துப்போன உன் பாட்டியை. பெயரை வைத்தால் ஆளே திரும்பி வந்த மாதிரிதானே நமக்கு. நான் என்ன பதில் சொல்ல?

பெயர் விஷயத்தில் நான் தலையிடவில்லை. ஒட்டாவாவில் நீளமான பெயர் கஷ்டம்தான். எங்கள் பெயரும் வாயில் நுழையவில்லை என்றுதானே இன்யூட் எங்களுக்கு அரசாங்கம் ஆளுக்கொரு எண் கொடுத்தது? தாத்தாவின் வட்டத் தகடு இன்னும் என் தையல் பெட்டியில் கிடக்கிறது, ஈ-5 என்று தொடங்கும். 1968-க்குப் பிறகு நம் இன்யூட் ஆள் ஏப் ஓக்பிக் அரசாங்கத்துக்காக ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர்களை எழுதும்வரை காகிதத்தில் நாங்கள் வெறும் எண்கள்.

போலீஸ் நம் சறுக்குவண்டி நாய்களைச் சுட்ட பிறகும் தாத்தா வருஷா வருஷம் சேணங்களை எடுத்து, அறுந்த வார்களைத் தைத்து, திரும்ப மூட்டை கட்டி வைப்பார். அவர் பெயர்தான் உனக்கு. 2019 ஆகஸ்ட்டில் இக்கலுயிட்டில் கனடா அமைச்சர் அந்த நாய்களுக்காக மன்னிப்புக் கேட்டாரே, அன்று பாட்டி உடனே உனக்குப் போன் போடச் சொன்னாள். "என் புருஷனுக்குச் சொல்லு, கேட்டுட்டாங்கன்னு." நீ மீட்டிங்கில் இருந்தாய். அப்புறம் கூப்பிடவும் இல்லை. பரவாயில்லை, பெரிய வேலை. இந்த ஊர்ப் பையன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உனக்கு நாலு வயது. பகல் முழுக்கப் பாட்டியோடு இருந்துவிட்டு வந்து "இமிக்" என்று தண்ணீர் கேட்டாய். நான் கொடுக்கவில்லை. "வாட்டர்" என்று சொல்லும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். விடுதிப் பள்ளியில் எனக்கு அப்படித்தான். ஏழு வயதில் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் மொழியில் கேட்டால் எதுவும் கிடைக்காது. அந்த அடி உனக்கு விழக்கூடாது என்று நினைத்தேன். அடித்தது நான்தான். பாட்டி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நீ அவளிடமும் இமிக் கேட்கவே இல்லை.

உன்னை ஒரு நாள்கூட நான் "அதாதா", அப்பா, என்று நம் மொழியில் கூப்பிட்டதில்லை. என் அப்பா பெயரைச் சுமக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? இந்தக் கடிதத்தையும் பார், உனக்குப் புரிகிற மொழியில்தான் எழுதுகிறேன்.

என்ன பெயர் என்று மட்டும் சொல். எதுவானாலும் சரி. ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். அமௌட்டியை மெஷினில் போடாதே, கையால் துவை.

அம்மா